மழையின் மேல் போட்ட பழி

மூணாறில் வீடு கட்டுகிறவர் லேமினேட் மரத்தரை என்று வாயெடுத்தால் போதும், பக்கத்தில் நிற்கும் மேஸ்திரி தலையை ஆட்டத் தொடங்கிவிடுவார். "அதெல்லாம் நம்ம மழைக்குத் தாங்காது சார். ரெண்டு இடவப்பாதி பாத்தா ஊதிரும்." பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் கேட்டாலும் இதே பதில்தான். அங்கே மழை குறைவு என்பதால் "நம்ம சூட்டுக்குத் தாங்காதுங்க" என்று ஒரு சொல் மட்டும் மாறும். பொறியாளர், டைல்ஸ் கடைக்காரர், ஒருமுறை போட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்ட சித்தப்பா என்று எல்லாரும் சேர்ந்து இதைத் தீர்ப்பாகவே எழுதிவிட்டார்கள்: குளிர்நாட்டுச் சரக்கு, நம் ஊருக்கு ஒத்துவராது.

தீர்ப்பு தவறு. ஊதிப்போன தரைகள் உண்டு, நிறையவே உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றைக் கெடுத்தது வானத்திலிருந்து விழுந்த தண்ணீர் இல்லை. பலகைக்குக் கீழே, சிமெண்டுத் தளத்துக்குள் இருந்த தண்ணீர். அதை யாரும் அளக்கவில்லை, அளக்க வேண்டும் என்று நினைக்கவும் இல்லை.

முதலில் அந்தக் 'குளிர்நாட்டுச் சரக்கு' கதையைப் பார்த்துவிடலாம். ஸ்வீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977இல் இந்தத் தரையைக் கண்டுபிடித்தது. 1984இல் பெர்கோ என்ற பெயரில் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தது. பசையில்லாமல் ஒரு பலகையின் நாக்கை அடுத்ததன் பள்ளத்தில் சொருகி அழுத்தும் 'கிளிக்' முறை 1990களின் நடுவில் ஸ்வீடனிலும் பெல்ஜியத்திலும் பிறந்தது. பலகையின் அமைப்பு இது: அடியில் பலகை வளையாமல் சமன்செய்யும் ஒரு தாள். அதற்கு மேல் மர இழையைப் பிசினோடு சேர்த்து அழுத்திய எச்.டி.எஃப். பலகை. அதன் மேல் மரத்தின் ரேகைகளை அச்சிட்ட காகிதம். எல்லாவற்றுக்கும் மேலே அலுமினியம் ஆக்சைடு துகள் கலந்த மெலமைன் பூச்சு. தேக்குத் தரை என்று விருந்தினரிடம் பெருமை பேசுகிறவர்கள் காட்டுவது உண்மையில் தேக்கின் புகைப்படத்தைத்தான்.

ஸ்வீடனின் குளிர்காலத்தில் வீட்டை இரவும் பகலும் சூடாக்குவார்கள். அறைக்குள் காற்று வறண்டு உதடு வெடிக்கும். கோடையில் அதே அறையில் ஈரம் ஏறும். அந்தப் பலகை ஆண்டுதோறும் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கத்தான் உருவானது. ஈரக்காற்றையே அறியாத பொருள் என்று அதைச் சொல்வது, அந்த நாட்டை நாட்காட்டிப் படத்தில் மட்டும் பார்த்தவர்களின் பேச்சு.

'நம்ம மழை' என்று ஒருமையில் பேசுவது அதைவிடப் பெரிய பிழை. எந்த மழை? மூணாறிலிருந்து மறையூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். மூணாறில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும், பெரும்பகுதி இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவத்தில். மறையூரைத் தாண்டிச் சின்னாறுக்கு இறங்கினால் மழைமறைவுப் பகுதி. அங்கே 500 மில்லிமீட்டர் அளவுதான், கள்ளிச்செடியும் முள்காடும். ஒரே மாவட்டம், ஒரே தாலுகா, ஒரே நாளில் பேருந்தில் போய்த் திரும்பும் தூரம். பாலக்காட்டுப் பக்கமும் இப்படித்தான். சித்தூர் தாலுகாவின் கிழக்கோரத்தில் வடகரப்பதி, எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை ஊராட்சிகள் கேரளத்துக்குள் இருந்தாலும் வானம் பொள்ளாச்சியுடையது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கணவாய் வழியே வீசும் கிழக்குக் காற்று துணியையும் மண்ணையும் தோலையும் ஒன்றாகக் காயவைக்கும். 2024 ஏப்ரலில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கையே விட வேண்டியிருந்தது. இத்தனை வகை வானிலைக்கும் சேர்த்து ஒரே தீர்ப்பை எந்த மேஸ்திரியும் தரமுடியாது. தருகிறார்கள் என்றால் வானத்தைப் பார்த்துத் தரவில்லை, கேள்விப்பட்டதை வைத்துத் தருகிறார்கள் என்று பொருள்.

மரமும் மழையும் சேராது என்ற வாதம் வரலாற்றின் முன் ஒரு கணம்கூட நிற்காது. பாலக்காட்டின் கல்பாத்தி அக்ரகாரத்துப் பழைய வீடுகளின் மச்சு மரத்தால் ஆனது. மாடியறைக்கு அதுவே தரை. கேரளத்து நாலுகட்டு வீடுகளில் தட்டும் மச்சும் நூற்றாண்டுகளாக இருக்கின்றன. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கிய பிறகு தோட்டங்கள் எழுந்தன, பங்களாக்கள் எழுந்தன. மூணாறையும் பீர்மேட்டையும் சுற்றியுள்ள பழைய எஸ்டேட் பங்களாக்கள் பலவற்றில் இன்றும் காலடியில் மரத்தரைதான் ஒலிக்கிறது. 1924இல் மலைரயிலையே அடித்துக்கொண்டுபோன பெருவெள்ளத்தைக் கண்ட ஊர் மூணாறு.

இங்கே எதிர்த்தரப்பு விழித்துக்கொள்ளும். "அது ஆஞ்சிலியும் தேக்கும் ஈட்டியும். இது அட்டை." சரி, அட்டைதான். கேள்வி வேறு. அந்த மச்சும் அந்தப் பங்களாத் தரையும் ஏன் நின்றன? மரத்தின் சாதி ஒரு காரணம். பெரிய காரணம், அவற்றின் அடியில் காற்று ஓடியது. மச்சுக்குக் கீழே ஓர் அறை இருந்தது. மரத்தரை போட்ட பங்களாக்களில் கல் அடித்தளத்தை உயர்த்தி, உத்தரங்களின் மேல் பலகை பாவி, அடியில் காற்று நுழையச் சுவரில் துளை விட்டிருந்தார்கள். மரத்துக்கு ஈரம் வந்தாலும் போக வழி இருந்தது. இன்று அதே மூணாறில் தேக்குப் பலகையையே ஈரத் தளத்தின் மேல் நேராக ஒட்டினால் அதுவும் வளையும். நிலைமை கெட்டது தளத்தில். பழி விழுந்தது பலகையில்.

தளத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு வழக்கும் இங்கேதான் இருக்கிறது.

கான்கிரீட்டும் சிமெண்டுப் பூச்சும் தண்ணீர் ஊற்றிக் கலந்தவை, பிறகு பல நாள் தண்ணீர் கட்டி நனைத்து வளர்த்தவை. இறுகியதும் காய்ந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். இறுகுவது வேறு, உலர்வது வேறு. நல்ல காற்றோட்டத்தில் பூச்சு உலர மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்பது கட்டடத் துறையின் பழைய கணக்கு. 50 மில்லிமீட்டரைத் தாண்டினால் வேகம் இன்னும் குறையும். இரண்டு அங்குலப் பூச்சுக்கு ஐம்பது நாள், நான்கு அங்குலத் தளத்துக்கு மூன்று மாதத்துக்கும் மேல். அதுவும் காய்கிற பருவத்தில். ஜூனில் பூச்சு போட்டு, சன்னலைச் சாத்தி, வெளியே மூடாப்பும் சாரலும் இருக்கையில் ஜூலையில் பலகை விரித்தால், அந்தத் தளம் இன்னும் தண்ணீரை மூச்சாக விட்டுக்கொண்டுதான் இருக்கும். புகுமனைக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்பது தளத்துக்குத் தெரியாது.

தரைத்தளமாக இருந்தால் இன்னொரு சிக்கல். நம் வீடுகளில் சுவருக்கு அடியில் ஓதம் ஏறாமல் தடுக்கும் பட்டை போடுவது வழக்கம். தரைக்கு அடியில் பாலித்தீன் விரிப்பது பெரும்பாலான வீடுகளில் கிடையாது. மண்ணை நிரப்பி, சல்லி அடித்து, மேலே கான்கிரீட் போட்டு முடித்துவிடுவார்கள். மலைச்சரிவில் மண்ணை வெட்டிச் சமன்செய்து கட்டிய வீடென்றால் மேட்டுப்பக்கத்து ஊற்றுநீர் மழைக்காலம் முழுக்கத் தரையின் அடியில் கசியும். வெறும் சிமெண்டுத் தரையிலோ ஆக்சைடு தரையிலோ அந்த ஈரம் மேலே வந்து காற்றில் கலந்துவிடும். காலில் ஜில்லென்று படும், அவ்வளவே. அதன் மேல் பலகையைப் போட்டு மூடியதும் ஈரத்துக்குப் போக்கிடம் இழைப்பலகைதான். முதலில் இணைப்புகளின் விளிம்பு மேடு தட்டும், பிறகு பூஞ்சண வாடை, பிறகு காலடியில் 'பொதக்' என்ற அமுக்கம். வீட்டுக்காரர் சன்னலுக்கு வெளியே பார்க்கிறார், மழை பெய்துகொண்டிருக்கிறது. மழைதான் கெடுத்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் தாள் ஒன்றை எடுத்து, நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் தளத்தில் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிட வேண்டும். எடுக்கும்போது தாளின் அடியில் நீர்த்துளி பூத்திருந்தாலோ தளம் கறுத்திருந்தாலோ பலகை அங்கே போகக்கூடாது. அமெரிக்கச் சோதனைத் தர நிறுவனம் எழுதிவைத்த முறை இது. செலவு பத்து ரூபாய்கூட ஆகாது. தாள் காய்ந்து வந்தாலும் 0.2 மில்லிமீட்டர் கனத்தில் பாலித்தீனை விரித்து, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று 20 சென்டிமீட்டர் ஏற்றி, டேப் ஒட்டி, அதற்கு மேல்தான் ஃபோம், அதற்கு மேல்தான் பலகை. பல வீடுகளில் ஃபோம் மட்டும் போகிறது. பாலித்தீன் எங்கே என்று கேட்டால் "இதே போதும் சார்" என்கிறார்கள். போதாது.

காற்றில் வரும் ஈரம் ஒன்றும் செய்யாதா? செய்யும். மர இழை காற்றின் ஈரத்தை வாங்கி விரியும், வறண்டால் சுருங்கும். அதற்காகத்தான் சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதை ஸ்கர்ட்டிங் பட்டையால் மறைக்கச் சொல்கிறார்கள். அறை பெரிதானால் இடைவெளியும் கூட வேண்டும். மொத்தத் தரையும் எதிலும் ஒட்டாமல் மிதக்க வேண்டும். ஆசாரிக்கோ இடைவெளி என்றால் கௌரவக் குறைச்சல். சுவரோடு நூல் பிடித்தாற்போல நெருக்கி அடித்தால்தான் அவருக்கு வேலை சுத்தம். போதாததற்கு ஸ்கர்ட்டிங்கைப் பலகையிலேயே ஆணியடித்து, ஆளுயர அலமாரியையும் அதன்மேல் நிறுத்தித் தரையோடு திருகிவிடுவார். பிறகு இடவப்பாதி வந்ததும் விரிய இடமில்லாத தரை நடுவில் கூடாரம் போல எழும்புகிறது. இதற்கும் மழையே பழி சுமக்கிறது.

சூட்டையும் வறட்சியையும் சொல்கிறவர்களுக்குப் பதில் இதே கணக்கில் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையில் ஆகஸ்டில் ஈரம் குடித்த பலகையைப் போட்டால் டிசம்பர்க் காற்றில் சுருங்கி இணைப்பு வாய் பிளக்கும். மார்ச் வறட்சியில் போட்டால் ஜூனில் விரியும். ஓரத்து இடைவெளியைக் கஞ்சத்தனம் இல்லாமல் விட்டிருந்தால் கவலையில்லை. பெட்டியைப் பிரிக்காமல் அதே அறையில் 48 மணி நேரம் கிடத்திவைக்கச் சொல்வதும் அந்த வீட்டுக் காற்றுக்குப் பலகை பழகட்டும் என்றுதான். கோயம்புத்தூர்க் கிடங்கிலிருந்து மத்தியானம் லாரியில் வந்த பெட்டியைச் சாயங்காலமே உடைத்து விரித்தால், தரையில் கிடப்பது கோயம்புத்தூரின் ஈரம், மூணாறின் ஈரம் இல்லை.

இதில் விற்பனைக்காரர்களின் பங்கை மறைக்க வேண்டியதில்லை. 'ஒரே நாளில் மரத்தரை' என்ற விளம்பரம்தான் இந்தத் தரைக்கு மேஸ்திரிகளைவிடப் பெரிய எதிரி. விரிப்பது ஒரு நாள் வேலை என்பது உண்மை. தளம் உலர்வதும் சமன்செய்வதும் அந்த ஒரு நாளில் சேர்த்தி இல்லை. இரண்டு மீட்டர் நீள மட்டப்பலகையை வைத்தால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் தெரியக்கூடாது. தெரிந்தால் நடக்கும்போது பலகை அமுங்கி அமுங்கி கிளிக் இணைப்பின் நாக்கு உடையும். உடைந்த நாக்குவழியே துடைக்கும் தண்ணீர் இறங்கும். அதுவும் மழைக் கணக்கில்தான் சேரும்.

இனி டைல்ஸ் பக்கம் வரலாம். லேமினேட் வேண்டாம் என்கிறவர்களின் மாற்று பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் விட்ரிஃபைடு டைல்ஸ். அதற்கு மழையுமில்லை வெயிலுமில்லை என்பது நம்பிக்கை. கோடையில் நடுக்கூடத்து டைல்ஸ் படாரென்று வெடித்துக் கிளம்பிய வீடுகள் பாலக்காட்டிலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. இடைவெளியே விடாமல் ஒட்ட ஒட்டப் பதிப்பதும், அடியில் கலவை முழுதாகப் பரவாமல் பொள்ளலாக விடுவதும் காரணம். அப்போது மட்டும் யாரும் "டைல்ஸ் நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்பதில்லை. "போட்டவன் சரியில்லை" என்கிறார்கள். அந்த நியாயம் பலகைக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை என்று கேட்டால் பதில் வராது.

மர இழைமீது இத்தனை சந்தேகம் உள்ளவர்களின் சமையலறையையும் எட்டிப் பார்க்க வேண்டும். சிங்குக்கு நேர் கீழே, குழாய் சொட்டும் இடத்தில், எம்.டி.எஃப்.பும் பெரும்பாவூர் பிளைவுட்டும் அலமாரிகளாக நிற்கின்றன. வீட்டிலேயே ஈரமான மூலையில் அதை நம்புகிறவர்கள், வீட்டிலேயே உலர்ந்த அறையான மாடிப் படுக்கையறையில் அதன் அடர்த்தியான உறவினரை நம்ப மறுக்கிறார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு எதிர்த்தரப்பின் நியாயங்களை விழுங்கிவிடக் கூடாது. மூன்று உண்டு. முதலாவது வெள்ளம். 2018 ஆகஸ்டில் செறுதோணி அணையின் ஐந்து மதகுகளும் திறந்த நாட்களில் நீர் புகுந்த வீடுகளில் டைல்ஸைக் கழுவிவிட்டார்கள்; லேமினேட் இருந்த இடத்தில் அதை அள்ளிக் கொட்டத்தான் முடியும். ஆற்றோரத்துத் தரைத்தளத்தில் இதைப் போடச் சொல்வது குற்றம். இரண்டாவது கரையான். இழைப்பலகை அதற்கு விருந்து. தரைத்தளம் என்றால் மண்ணுக்கே மருந்து தந்திருக்க வேண்டும், அதற்கான இந்தியத் தர நெறி ஐ.எஸ். 6313. கட்டும்போது அதைச் செய்யாத வீட்டுத் தரைத்தளத்தில் டைல்ஸே நல்லது.

மூன்றாவதுதான் உண்மையான தடை. நம் வீடுகளில் தரையைத் துடைப்பதில்லை, கழுவுவது வழக்கம். வாளி நீரை வீசித் தென்னந்துடைப்பத்தால் தள்ளி வாசல்வழி வெளியேற்றினால்தான் வீடு சுத்தமானதாக மனம் ஒப்பும். பண்டிகைக்கு முந்தைய நாள் அப்படிக் கழுவாவிட்டால் பாட்டிக்குத் தூக்கம் வராது. இந்த வழக்கத்தை விடமாட்டோம் என்கிற வீட்டின் கூடத்துக்கு லேமினேட் ஆகாது. அதை ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். ஆனால் மாடிப் படுக்கையறையில் வாளி வீசுகிறவர் யாருமில்லை. அங்கே நன்றாகப் பிழிந்த துணி போதும்.

கடைக்காரர்கள் இப்போது மூன்றுக்கும் சேர்த்து ஒரே மருந்து வைத்திருக்கிறார்கள்: சுண்ணாம்புக்கல் பொடியும் பி.வி.சி.யும் கலந்த எஸ்.பி.சி. பலகை. அது ஊதாது, உண்மை. தளத்தின் ஈரம் அதன் அடியிலும் தேங்கும், பூஞ்சணம் அதன் அடியிலும் பிடிக்கும். பலகை கெடாததால் வீட்டுக்காரருக்குத் தெரிய நாளாகும், அவ்வளவுதான். தளத்தைச் சோதிக்காமல் தப்பிக்க அது வழியில்லை.

பிசினில் உள்ள ஃபார்மால்டிஹைடு பற்றிய அச்சமும் வெறும் புரளி இல்லை. 2015 மார்ச்சில் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி, லம்பர் லிக்விடேட்டர்ஸ் விற்ற சீனத் தயாரிப்பு லேமினேட்டில் அளவுமீறிய ஃபார்மால்டிஹைடு இருப்பதாக அம்பலப்படுத்தியது. அதே ஆண்டு மே மாதம் அந்நிறுவனம் அந்தச் சீனத் தயாரிப்பு லேமினேட்டின் விற்பனையை நிறுத்தியது. குளிருக்காகச் சன்னலை அடைத்தே வைக்கும் மலைவீட்டில் இது கூடுதல் முக்கியம். பெட்டியின் மேல் ஈ1 என்ற உமிழ்வுத் தரமும், தேய்மானத்துக்கு ஏசி3க்குக் குறையாத அளவும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். இரண்டும் இல்லாத மலிவுப் பெட்டிக்கு வக்காலத்து வாங்க இந்தக் கட்டுரை தயாராக இல்லை.

'நம் மண்ணுக்கு ஆக்சைடு தரைதான்' என்று அழகியல் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். திருவனந்தபுரம் போகும் முன் வாகமண் மலையில் வாழ்ந்த லாரி பேக்கரின் பெயரை அவர்கள் தவறாமல் இழுப்பார்கள். ஆக்சைடு தரை அழகுதான், அருமையானதுதான். அதைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. சனவரியில் மூணாறின் லெட்சுமி, செண்டுவாரை எஸ்டேட்டுகளில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படியும் காலையில் அந்த ஆக்சைடு தரையில் வெறுங்காலோடு நின்று பார்த்தவர்கள் அழகியல் பேசமாட்டார்கள். சிமெண்டும் டைல்ஸும் காலின் சூட்டை உறிஞ்சும் வேகத்தில் இழைப்பலகை உறிஞ்சாது. வீட்டுக்குள்ளேயே செருப்பும் காலுறையுமாக நடக்கும் முதியவர்களுக்கு இது ஆடம்பரமில்லை. தோட்டத்தில் முப்பது ஆண்டு கொழுந்து கிள்ளி, ஓய்வுபெற்று, லயத்தை விட்டு வெளியே சொந்தமாக இரண்டு அறை கட்டிக்கொள்ளும் தொழிலாளியின் முழங்காலுக்கு எது இதம் என்ற கேள்வி, சுற்றுலா விடுதிக்காரரின் புகைப்படக் கவலையைவிடப் பெரியது. அந்த வீட்டுக்காரரிடம்தான் 'ஒத்துவராது' என்று ஒற்றைச் சொல்லில் கதவைச் சாத்துகிறார்கள்.

எனவே வேலையை எந்த மாதத்தில் வைப்பது, எந்த அறையில் வைப்பது என்று பேசுவோம். மூணாறு, தேவிகுளம் பக்கம் பூச்சு வேலையைத் துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் முடித்துவிட்டு, பிப்ரவரி, மார்ச்சில் பலகை விரிக்கலாம். சித்தூர்ப் பக்கம் அடைமழையையும் கடும் வறட்சியையும் தவிர்த்த மாதம் எதுவும் சரி. முதலில் மாடியறை, தரைத்தளம் என்றால் தாள் சோதனை தேறிய பிறகு மட்டும், குளியலறையிலும் சமையலறையிலும் வேண்டவே வேண்டாம். கூலி பேசும்போது மேஸ்திரியிடமோ ஆசாரியிடமோ ஒன்றரை அடி பாலித்தீன் தாளை ஓர் இரவு ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். அதற்கு மறுப்பவர் எத்தனை வீடு செய்தவராக இருந்தாலும் வேலையைக் கொடுக்காதீர்கள்.